இந்த வயசுல இது எதுக்கு?

மார்பில் கட்டி என்றால் திண்டுக்கல் பக்கத்துப் பெண்கள் போகிற வழி எல்லாருக்கும் மனப்பாடம். ஊரிலேயே ஒரு ஸ்கேன், அப்புறம் மதுரை பஸ். சின்னாளப்பட்டி, கொடைரோடு, வாடிப்பட்டி தாண்டி ஆரப்பாளையத்தில் இறங்கினால், அரசாங்க ஆஸ்பத்திரியோ தனியாரோ, அவரவர் கைக்கு எட்டினது. ஊசி குத்திச் சதை எடுத்துச் சோதனை, ஆபரேஷன், கீமோ, பிறகு கரண்ட் வைப்பது என்கிற கதிர்வீச்சு. கடைசியில் "எல்லாம் முடிஞ்சது, மாத்திரையை மட்டும் விடாமப் போடுங்க" என்று அனுப்பிவிடுவார்கள். உயிர் மிஞ்சிய சந்தோஷத்தில் கும்பிட்டுவிட்டு வருவோம். அடுத்த மாசியில் கோட்டை மாரியம்மனுக்கு ஒரு தீச்சட்டி.

எடுத்த மார்பைத் திரும்ப உண்டாக்கலாம், அதன்மேல் முலைக்காம்பும் வைக்கலாம் என்பது இந்த வழியில் யார் வாயிலிருந்தும் வராது. டாக்டர்கள் மறைக்கிறார்கள் என்று சொல்ல மாட்டேன். ஒரு நாளைக்கு அத்தனை பேரைப் பார்க்கிறவர்களுக்கு உயிரைக் காப்பாற்றுவதோடு நேரம் தீர்ந்துவிடுகிறது. கேட்டால் சொல்வார்கள். இப்படி ஒன்று இருப்பதே தெரியாதவள் எதைக் கேட்பாள்?

என் அக்காவும் கேட்கவில்லை. அவள் தையல்காரி. இதை எழுதட்டுமா என்று கேட்டபோது, "பேரைப் போடாத. நாகல் நகர்ல தையல் கடைன்னு மட்டும் போட்டுக்க. அங்க தடுக்கி விழுந்தா தையல் கடைதான், எவளுக்கும் தெரியாது" என்றாள். அதனால் பேர் இல்லை. மற்றதெல்லாம் அவள் படித்துப் பார்த்துச் சம்மதித்தது.

அவளுக்கு நாற்பத்தாறு வயதில் இடது மார்பு போனது. மார்பு முழுவதும், அக்குளில் இருக்கிற நெறிகட்டிகளும் சேர்த்து எடுக்கிற ஆபரேஷன். நம் ஊர்களில் பெரும்பாலும் நடப்பது இதுதான். அதில் காம்பும் அதைச் சுற்றிய கருவட்டமும் சேர்ந்தே போய்விடும். பால் குழாய்கள் எல்லாம் வந்து கூடுகிற இடம் காம்பு. புற்றுநோய் பெரும்பாலும் அந்தக் குழாய்களில்தான் ஆரம்பிக்கிறது. ஆகவே அதை விட்டுவைக்க டாக்டர்கள் யோசிப்பார்கள். கட்டி சிறிதாக, காம்பை விட்டுத் தள்ளி இருந்தால், தோலையும் காம்பையும் வைத்துக்கொண்டு உள்ளே இருப்பதை மட்டும் எடுக்கிற முறையும் இருக்கிறது. காம்புக்கு அடியிலுள்ள திசுவை எடுத்துச் சோதித்து, அதில் ஒன்றுமில்லை என்றால் காம்பு தப்பும். இன்னும் சீக்கிரம் கண்டுபிடித்தால் கட்டியையும் சுற்றிக் கொஞ்சத்தையும் மட்டும் எடுத்துவிட்டு, கரண்ட் வைத்து முடித்துவிடலாம். மார்பு முழுசும் எடுத்தவர்களும் இப்படிக் கொஞ்சம் மட்டும் எடுத்தவர்களும் ஒரே அளவுக்கு உயிர் பிழைக்கிறார்கள் என்பது, இத்தாலியில் வெரோனேசியும் அமெரிக்காவில் ஃபிஷரும் நடத்திய ஆய்வுகளின் இருபது வருஷக் கணக்கு 2002-ல் வெளியானபோது உறுதியாகிவிட்டது. நம் பெண்கள் முற்றிய பிறகு போவதால் அந்தச் சலுகை பாதிப்பேருக்குக் கிடைப்பதில்லை. அக்காவும் தடவிப் பார்த்து, தெரிந்தும், ஒரு கல்யாண சீசன் முடியட்டும் என்று தள்ளிப்போட்டவள்தான்.

ஆபரேஷனுக்குப் பிறகு வந்த காலத்தை அவள் "ஜாக்கெட் காலம்" என்பாள். அதுவரை ஊர்ப் பெண்களின் மார்பளவையெல்லாம் கையில் வைத்திருந்தவளுக்குத் தன் ஜாக்கெட் பொருந்தவில்லை. முதலில் பஞ்சை வைத்துத் தைத்தாள். பஞ்சுக்குக் கனம் கிடையாது. கையைத் தூக்கினால் ஜாக்கெட் அந்தப் பக்கம் மேலே ஏறிக்கொள்ளும். மெஷினில் உட்கார்ந்து குனிந்து நிமிர்கிற வேலை என்பதால் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை உள்ளறைக்குப் போய் இழுத்துவிட்டு வருவாள். அப்புறம் லைனிங் துணியில் ஒரு பை தைத்து, நடுவில் கடுகை நிரப்பி, சுற்றிப் பஞ்சு வைத்தாள். கனம் வந்தது. வலது பக்கத்துக்கு ஈடாக இறங்கி நின்றது. கடுகுப் பையைத் துவைக்க முடியாது என்பதால் மேலுறை ஒன்று, அதற்கும் ஒரு கொக்கி. வெயில் காலத்தில் வியர்வை ஊறி, கடுகு வாசம் வரும். "நான் போற பக்கமெல்லாம் தாளிச்ச வாசம்" என்று அவளே சிரிப்பாள்.

அந்தப் பையை இப்போது அவள் மற்றவர்களுக்கும் தைத்துக் கொடுக்கிறாள். வேடசந்தூரிலிருந்தும் நிலக்கோட்டையிலிருந்தும் வருகிறார்கள். கடைக்குள் வந்ததும் பேச மாட்டார்கள். மற்றப் பெண்கள் போகும்வரை சுங்குடிச் சேலைக்கு மேட்ச் துணி பார்க்கிற மாதிரி நின்றுகொண்டிருப்பார்கள். அக்காவுக்குப் பார்த்ததும் தெரிந்துவிடும், முந்தானையை இழுத்துப் போர்த்தியிருக்கிற விதத்திலேயே. வெளிக் கடைகளில் சிலிக்கான் பேட் விற்கிறது, விலைதான் கட்டுபடியாகாது. அமெரிக்காவில் 2011-ல் பார்பரா டெமரெஸ்ட் என்ற பெண்மணி, நூலில் பின்னிய செயற்கை மார்பை இலவசமாகக் கொடுக்கிற இயக்கம் ஒன்றை ஆரம்பித்தார். இந்தியாவில் மும்பையைச் சேர்ந்த சாய்ஷா இந்தியா ஃபவுண்டேஷன் மூலம் பெண்கள் அதையே பருத்தி நூலில் பின்னி அனுப்புகிறார்கள். மேலே சின்னதாகக் காம்பும் வைத்துப் பின்னிய ஒன்றை அக்கா கையில் வாங்கி ரொம்ப நேரம் பார்த்தாள். "இதைக்கூட யோசிச்சிருக்காங்க பாரேன்" என்றாள். எனக்கு அன்றைக்குத்தான் அவள் மனசில் இது இருப்பதே தெரிந்தது.

மார்பைத் திரும்ப வைக்கிற ஆபரேஷன் பெரிய கதை. அதைச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். 1895-ல் ஜெர்மனியில் வின்சென்ஸ் செர்னி என்ற டாக்டர், மார்புக் கட்டி எடுக்கப்பட்ட ஒரு பாடகிக்கு, அவள் உடம்பிலேயே வேறு இடத்தில் இருந்த கொழுப்புக் கட்டியை எடுத்து மார்பில் வைத்தார். ஆரம்பம் அங்கேதான் என்கிறார்கள். 1962-ல் சிலிக்கான் பை வந்தது. முதுகுத் தசையைத் திருப்பிக் கொண்டுவந்து வைப்பது, அடிவயிற்றுத் தோலையும் கொழுப்பையும் எடுத்து வைப்பது என்று பிறகு முறைகள் பெருகின. அக்காவுக்கு வயிற்றிலிருந்து எடுத்தார்கள். கோயம்புத்தூரில் ஒரு ஆஸ்பத்திரி. வயிற்றுச் சதையை ரத்தக்குழாயோடு வெட்டி எடுத்து, மைக்ராஸ்கோப் வைத்து நெஞ்சிலிருக்கிற ரத்தக்குழாயோடு தைக்கிற வேலை. ஒரு பகல் முழுக்க நாங்கள் வெளியே உட்கார்ந்திருந்தோம். தேறி வருவதும் லேசில்லை, நிமிர்ந்து நடக்கவே நாளானது. பிள்ளை பெற்ற வயிற்றுத் தொப்பை போனதுதான் லாபம் என்று அவள் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம்.

இத்தனைக்குப் பிறகு மேடு வந்துவிட்டது. ஜாக்கெட் நிறைந்துவிட்டது. கடுகுப் பை அலமாரிக்குப் போனது. வீட்டில் எல்லாரும் முடிந்தது என்று நினைத்தோம். மேடு வைத்த டாக்டரம்மாதான் மூன்று நாலு மாதம் கழித்து, "காம்பு வைக்கணுமா? யோசிச்சுச் சொல்லுங்க. அவசரம் இல்லை, கட்டாயமும் இல்லை" என்றார்.

அதற்குத்தான் வீட்டில் அந்தக் கேள்வி வந்தது.

"இந்த வயசுல இது எதுக்கு?" கேட்டது அக்காவின் மாமியார். கெட்ட மனசு கிடையாது. கீமோ சமயத்தில் ராத்திரி எழுந்து கஞ்சி வைத்துக் கொடுத்தவர். அவர் கணக்குப்படி காம்புக்கு இரண்டே வேலை. ஒன்று பிள்ளைக்கு, இன்னொன்று வாய்விட்டுச் சொல்ல முடியாதது. இரண்டும் முடிந்துபோன வயதில் அதற்காக ஒரு ஆபரேஷனா? அம்மாவும் கிட்டத்தட்ட அதையே வேறு மாதிரி சொன்னார். அக்காவின் புருஷன், எங்கள் மாமா, பூட்டுப் பட்டறையில் வேலை பார்ப்பவர், பேச்சு குறைவு. "அவளுக்கு என்ன தோணுதோ செய்யட்டும்" என்றதோடு சரி. உண்மையில் அக்கா எதிர்பார்த்தது அதற்கு மேல் ஒரு வார்த்தை. என்ன வார்த்தை என்று கேட்டால் அவளுக்கும் தெரியாது.

எனக்குக் கோபம் வந்தது. இத்தனை பேர் "எதுக்கு" என்று கேட்டார்கள், ஆனால் வயிற்றைக் கிழித்து மேடு வைத்தபோது ஒருவரும் அப்படிக் கேட்கவில்லை. அது வெளியே தெரிகிற விஷயம். கல்யாண வீட்டில் நிற்கும்போது இரண்டு பக்கமும் சரியாக இருக்க வேண்டும் என்பதில் குடும்பத்துக்கே அக்கறை உண்டு. காம்பு யாருக்கும் தெரியப்போவதில்லை. புருஷனுக்கு இல்லையென்றால் யாருக்கு? குளிக்கிறவளுக்கு என்ற பதில் எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. அக்காதான் சொன்னாள்: "குளிக்கும்போது குனிஞ்சு பாத்தா மொட்டையா இருக்கு. அது என்னோடதுன்னே தோண மாட்டேங்குதுடி. யாரோ குடுத்து வச்சிருக்கச் சொன்ன மாதிரி இருக்கு."

சென்னையிலும் இதே கேள்வி ஒரு தடவை பெரிய அளவில் வந்தது. 2018 பிப்ரவரியில் ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மார்பக அழகு சிகிச்சை இலவசம் என்று அறிவிப்பு வந்தபோது, உலகப் பத்திரிகைகளெல்லாம் அதை விநோதச் செய்தியாகப் போட்டன. ஏழைகளுக்கு மட்டும் அழகு சிகிச்சை ஏன் கிடைக்கக் கூடாது என்றார் அன்றைய சுகாதார அமைச்சர் விஜயபாஸ்கர். உயிர் காக்கிற சிகிச்சைக்கே காசு போதாதபோது இது எதுக்கு என்றார்கள் மறுத்தவர்கள். அந்தச் சத்தத்தில் ஒரு விஷயம் காணாமல் போனது. அதே பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவு அதற்கு முன்பே புற்றுநோயில் மார்பு போன பெண்களுக்கு மறுசீரமைப்பு செய்துகொண்டுதான் இருந்தது. அதைப் பெரிதாகப் பேசியிருந்தால் எங்கள் பக்கத்துப் பெண்கள் பத்துப் பேருக்காவது இப்படி ஒன்று இருப்பது தெரிந்திருக்கும். "இலவச மார்பு" என்று தலைப்புப் போட்டுச் சிரித்ததோடு முடிந்தது. அமெரிக்காவில் 1998-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள்: மார்பு அகற்றுவதற்குப் பணம் கொடுக்கிற காப்பீடு, அதைத் திரும்ப உண்டாக்குகிற எல்லாக் கட்டத்துக்கும், இரண்டு பக்கமும் ஒத்திருக்க இன்னொரு மார்பில் செய்கிற வேலைக்கும் சேர்த்தே கொடுக்க வேண்டும் என்று. அங்கே யாரும் வயதைக் கேட்பதாகச் சட்டத்தில் இல்லை.

இந்தப் பேச்சு வந்தாலே யாராவது கண்ணகியைக் கூப்பிட்டுவிடுகிறார்கள். ஒரு விழிப்புணர்வுக் கூட்டத்தில், மார்பை இழந்தும் தெய்வமானவள் கண்ணகி, நீங்களெல்லாம் அவள் வம்சம் என்று ஒருவர் முழங்கினார். இடது மார்பைத் திருகி எறிந்து மதுரையை எரித்தவள், அதே மதுரையில் மூன்று மார்போடு பிறந்து சொக்கரைக் கண்டதும் ஒன்றை இழந்த மீனாட்சி என்று அடுக்கிக்கொண்டே போனார். அக்கா என் காதில், "அவ கோவத்துல எறிஞ்சா. எனக்கு எங்கடி கோவம், எனக்குக் கட்டி" என்றாள்.

சரி, காம்பு எப்படி வைக்கிறார்கள்? இதைத்தான் விவரமாக எழுத ஆசைப்பட்டேன். ஏனென்றால் இதைக் கேட்டதும் எல்லாரும் எங்கிருந்தோ ஒன்றைக் கொண்டுவந்து ஒட்டுவார்கள் என்று நினைக்கிறார்கள். அப்படியும் ஒரு முறை உண்டு. மற்றப் பக்கத்துக் காம்பு பெரிதாக இருந்தால் அதில் பாதியை எடுத்து இங்கே வைப்பது. டாக்டரம்மா அதைச் சொல்லி முடிப்பதற்குள் அக்கா, "இருக்கறதுல கையை வைக்காதீங்கம்மா" என்று கும்பிட்டுவிட்டாள்.

பெரும்பாலும் செய்வது அந்த மேட்டின் தோலிலேயே. டாக்டரம்மா ஒரு வெள்ளைத் தாளில் படம் போட்டுக் காட்டினார். நடுவில் அரைவட்டம், இரண்டு பக்கமும் முக்கோணமாக இரண்டு இறக்கை. அந்தக் கோட்டில் தோலை வெட்டி, அடியில் கொஞ்சம் கொழுப்போடு தூக்குவார்கள். ஒரு இடத்தில் மட்டும் வெட்டாமல் விட்டுவைப்பார்கள், ரத்தம் வந்துகொண்டிருக்க. இரண்டு இறக்கையையும் ஒன்றோடொன்று சுற்றித் தைத்தால் சின்னத் தூண் மாதிரி நிற்கும். அரைவட்டம் அதற்கு மூடி. இறக்கை எடுத்த இடத்தை இழுத்துச் சேர்த்துத் தைத்துவிடுவார்கள். எனக்குத் தலை சுற்றியது. அக்கா தாளைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது டக்குப் பிடிக்கிற மாதிரிதான?" என்று கேட்டாள். தட்டையான துணியில் முக்கோணமாக மடித்துப் பிடித்தால்தான் ஜாக்கெட்டுக்குக் குழிவு வரும், அதே கணக்கு என்று அவளுக்கு ஒரே நொடியில் பிடிபட்டுவிட்டது. டாக்டரம்மா சிரித்துக்கொண்டே, "கிட்டத்தட்ட அதேதான். ஆனா என் துணி சுருங்கும்" என்றார்.

அந்தச் சுருக்கம்தான் இந்த ஆபரேஷனின் பெரிய தலைவலி. எந்த முறையில் செய்தாலும் முதல் வருஷத்தில் உயரத்தில் பாதி, சில பேருக்கு அதற்கு மேலும் இறங்கிவிடும். உள்ளே தாங்கிப் பிடிக்க ஒன்றும் இல்லாததால் தோல் தன் பழைய தட்டைக்கே போகப் பார்க்கும். அதனால் வேண்டிய அளவைப் போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வைத்துச் செய்கிறார்கள். கட்டு அவிழ்த்த அன்றைக்குப் பார்த்துப் பயந்துவிடக் கூடாது என்று முன்கூட்டியே எச்சரித்தார். அக்காவுக்கு இதுவும் விளங்கியது. புதுச் சுங்குடியை நனைக்காமல் அப்படியே வெட்டித் தைக்கிறவள் தையல்காரியே இல்லை என்பது அவள் கட்சி.

டாக்டரம்மா இன்னொன்றும் கேட்டார்: "வெத்தலைல புகையிலை போடுவீங்களா?" எனக்கு இந்தக் கேள்வி எதற்கென்று புரியவில்லை. நிகோட்டின் ரத்தக்குழாயைச் சுருக்கும். இவ்வளவு சின்னத் தோல் மடிப்புக்கு ஓரிடத்திலிருந்து மட்டும்தான் ரத்தம் வருகிறது. அதுவும் சுருங்கினால் நுனி கறுத்து உதிர்ந்துவிடும். ஆகவே பீடி, சிகரெட், வாய்ப் புகையிலை எல்லாவற்றையும் வாரக்கணக்கில் முன்னாலிருந்தே விட வேண்டும். எங்கள் மண்ணுக்கு இது கேட்க வேண்டிய கேள்விதான். ஸ்பென்சர் கம்பெனி சுருட்டு செய்த ஊர் திண்டுக்கல். வேடசந்தூரில் புகையிலை ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. வயல் வேலைக்குப் போகிற எத்தனை பெண்களின் இடுப்புச் சுருக்குப்பையில் புகையிலை இருக்கிறது! அக்காவுக்கு அந்தப் பழக்கம் இல்லை. சர்க்கரை இருக்கிறவர்களும் கட்டுக்குள் கொண்டுவந்த பிறகுதான் இதற்குப் போக முடியும். கரண்ட் வைத்த தோலாக இருந்தால் இன்னும் கவனம். அது இறுகி, ரத்த ஓட்டம் குறைந்து கிடக்கும். வெட்டித் தூக்கினால் பிடிக்குமா என்பது சந்தேகம். அக்காவுக்கு நெஞ்சில் கரண்ட் வைத்திருந்தாலும், இப்போது மேட்டில் இருப்பது வயிற்றுத் தோல் என்பதால் அந்தக் கவலை குறைந்தது.

இடம் குறிப்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. படுக்கவைத்துக் குறிக்கக் கூடாது, படுத்தால் மார்பு சரிந்துவிடும். நிற்கவைத்து, தொண்டைக் குழியிலிருந்து வலது காம்பு வரை டேப் வைத்து அளந்து, அதே அளவை இடது பக்கம் போட்டுப் பார்த்தார்கள். அளவு சரியாக இருந்தும் கண்ணுக்குச் சரியாக இல்லை, இரண்டு மேடும் அச்சில் வார்த்தது போல் இருக்காதே. அதனால் ஈசிஜி எடுக்க ஒட்டுகிற வட்ட ஸ்டிக்கரைக் கொடுத்து, வீட்டில் கண்ணாடி முன் நின்று நீங்களே ஒட்டிப் பாருங்கள், எது சரி என்று உங்கள் கண்ணுக்குத் தோன்றுகிறதோ அதுதான் இடம் என்று அனுப்பினார்கள். ஈசிஜி ஸ்டிக்கர் ஒரே நாளில் பிய்ந்து வந்துவிட்டது. அக்கா தன் ஸ்டிக்கர் பொட்டு அட்டையை எடுத்துவிட்டாள். இருப்பதில் பெரிய சைஸ், மெரூன் வெல்வெட். ஒட்டுவாள், ஜாக்கெட் போடுவாள், கழற்றுவாள், அரை இஞ்ச் தள்ளி ஒட்டுவாள். என்னைக் கூப்பிட்டு, "எட்டி நின்னு பாத்துச் சொல்லுடி, இறங்கியிருக்கா?" என்பாள். கல்யாண ஜாக்கெட்டுக்குக்கூட அவள் அவ்வளவு மெனக்கெட்டதில்லை. ஆஸ்பத்திரிக்கு அந்தப் பொட்டை ஒட்டிக்கொண்டேதான் வந்தாள். டாக்டரம்மா ஒரு வார்த்தை பேசாமல் அதைச் சுற்றி மார்க்கர் பேனாவால் வட்டம் போட்டார்.

ஆபரேஷன் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிட்டது. மயக்க மருந்து கிடையாது, மரத்துப்போக ஊசி மட்டும். அந்தத் தோலுக்கு ஏற்கெனவே உணர்ச்சி குறைவு என்பதால் ஊசிகூடப் பெரிதாக வலிக்கவில்லையாம். அவர்கள் வெட்டித் தைத்துக்கொண்டிருந்தபோது இவள் சிஸ்டரிடம் ஆரி ஒர்க் ஜாக்கெட்டுக்கு எவ்வளவு வாங்குகிறார்கள் என்று விசாரித்திருக்கிறாள். அன்று சாயங்காலமே பஸ் ஏறினோம். நடுவில் ஓட்டை போட்ட தடித்த ஸ்பாஞ்சை வைத்துக் கட்டியிருந்தார்கள், காம்பு அழுந்தாமல் இருக்க. சில வாரத்துக்கு அதன்மேல் எதுவும் இறுக்கிப் பிடிக்கக் கூடாது, குப்புறப் படுக்கக் கூடாது. அக்கா முன்பக்கம் தொளதொளவென்று இரண்டு நைட்டி தைத்துவைத்திருந்தாள்.

உணர்ச்சி வராது. பால் வருகிற பேச்சே இல்லை. குளிர்ந்தால் சிலிர்க்காது. இவற்றையெல்லாம் டாக்டரம்மா ஆபரேஷனுக்கு முன்னாலேயே சொல்லிவிட்டார். இதைச் சொல்லாமல் அழகாக ஆகிவிடும் என்று மட்டும் சொல்கிற இடத்துக்குப் போகாதீர்கள். பார்ப்பதற்கு மட்டும்தான் அது. பார்ப்பதற்கு மட்டும் என்பது அக்காவுக்குப் போதுமானதாக இருந்தது. கட்டுப் பிரித்த அன்று, எச்சரித்திருந்தும், "என்னம்மா இது, சுண்டைக்காயாட்டம்" என்று கத்திவிட்டாள். இப்போது இறங்கி, வலது பக்கத்துக்குச் சமமாக வந்திருக்கிறது. இன்னும் கொஞ்சம் இறங்கலாம்.

பணம். மேடு வைத்ததற்கு அக்கா மகனுடைய கம்பெனிக் காப்பீட்டில் கேட்டோம். முதலில் "பிளாஸ்டிக் சர்ஜரி, காஸ்மெட்டிக், வராது" என்று பதில். இதைப் படிக்கிறவர்கள் இந்த இடத்தைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019-ல், எது எதற்குப் பணம் கிடையாது என்பதற்கு எல்லா மருத்துவக் காப்பீட்டுக்கும் பொதுவான வாசகம் வகுத்தது. அதில் விலக்கு எண் 08 அழகு சிகிச்சை, பிளாஸ்டிக் சர்ஜரி பற்றியது. அதே வாசகத்துக்குள்ளேயே, விபத்து, தீக்காயம், புற்றுநோய் இவற்றுக்குப் பிறகான சீரமைப்புக்கு இந்த விலக்கு கிடையாது என்று இருக்கிறது. உங்கள் பாலிசிப் புத்தகத்தில் அந்த எண்ணைத் தேடுங்கள். சிகிச்சை செய்கிற டாக்டரிடம், இது புற்றுநோய் ஆபரேஷனின் தொடர்ச்சி என்று எழுதி வாங்கிச் சேர்த்து அனுப்புங்கள். நாங்கள் அந்த வரியைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம் போட்டு அனுப்பியதும் கொஞ்சம் இழுத்தடித்துவிட்டு ஒப்புக்கொண்டார்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வைத்திருப்பவர்களுக்குக் குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை இருக்கிறது. மார்பு எடுக்கிற ஆபரேஷனுக்கு அட்டையைக் கொடுக்கும்போதே, திரும்ப வைப்பதற்கும் இதில் வழி உண்டா என்று அந்தக் கவுண்டரிலேயே கேட்டுவிடுங்கள்.

ஆபரேஷனுக்கு முன்பே கேட்கச் சொல்வதற்குக் காசு மட்டும் காரணமில்லை. பின்னால் மேடு வைக்கிற எண்ணம் இருப்பது முன்கூட்டியே தெரிந்தால், நோய் இடம் கொடுக்கிற பட்சத்தில், தோலை மிச்சப்படுத்தி எடுக்க முடியும். சில பேருக்கு எடுக்கிற அன்றைக்கே மேடும் வைத்துவிடலாம். எடுத்துத் தட்டையாகத் தைத்து, கரண்டும் வைத்த பிறகு கேட்டால் வேலை இரட்டிப்பு. அக்கா பட்ட பாட்டில் பாதி, யாராவது ஆரம்பத்தில் ஐந்து நிமிஷம் உட்கார்ந்து பேசியிருந்தால் இல்லாமல் போயிருக்கும்.

பேசுவதற்கு வெட்கம் என்றால், எங்கள் ஊருக்கு அந்தச் சாக்குச் செல்லாது. டாக்டர் சவுந்தரம் அம்மாவும் ஜி. ராமச்சந்திரனும் 1947-ல் காந்திகிராமத்தைத் தொடங்கிய மண் இது. 1960-களில் ஆத்தூர் ஒன்றியத்துக் கிராமங்களில் வீடு வீடாகப் போய்க் குடும்பக் கட்டுப்பாடு பற்றிப் பேசினார்கள். எங்கள் பாட்டிமார் திண்ணையில் உட்கார்ந்து லூப், ஆபரேஷன் என்று சத்தமாகப் பேசப் பழகியது அப்போதுதான். கர்ப்பப்பையைப் பற்றி அறுபது வருஷத்துக்கு முன் திண்ணையில் பேசியவர்களின் பேத்திகள், மார்பைப் பற்றிக் கேட்க மேட்ச் துணி பார்க்கிற மாதிரி நிற்கிறார்கள். 2022 ஜனவரியில் திண்டுக்கல்லுக்கே அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. மார்புக் கட்டிக்கு வருகிற ஒவ்வொரு பெண்ணிடமும் இதைச் சொல்ல அங்கே ஒரு சிஸ்டரை உட்காரவைப்பதற்குப் பெரிய பட்ஜெட் ஒன்றும் தேவைப்படாது.

எல்லாரும் செய்துகொள்ள வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. போன மாதம் வேடசந்தூர்ப் பக்கத்து மில்லில் வேலை பார்க்கிற ஒரு பெண் வந்திருந்தாள். அக்கா எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னாள், உள்ளறைக்குக் கூட்டிப்போய்க் காட்டவும் காட்டினாள். அவள் நிதானமாகப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான்க்கா இருக்கு. ஆனா எனக்கு இனிமே கத்தி வேணாம். பேடும் வேணாம். ஒரு பக்கம் இருக்கு, ஒரு பக்கம் இல்ல, அதுக்குத் தக்கன தைச்சுக் குடுங்க" என்று சொல்லிவிட்டாள். அக்கா இடது பக்கம் டக்கே இல்லாமல் வெட்டி, சுருக்கம் விழாமல் அவளுக்கு மூன்று ஜாக்கெட் தைத்தாள். அந்தப் பெண்ணும் தெரிந்துகொண்டுதான் வேண்டாம் என்றாள். அக்காவின் மாமியார் கேட்ட கேள்விக்கும் இவள் சொன்ன பதிலுக்கும் உள்ள வித்தியாசம் அதுதான்.

அக்காவுக்கு இன்னும் ஒரு வேலை பாக்கி. காம்பு வந்துவிட்டது, சுற்றிலும் நிறம் இல்லை. வயிற்றுத் தோலின் நிறத்திலேயே வெளிறிக் கிடக்கிறது. தொடை இடுக்கிலிருந்து கறுத்த தோலை எடுத்து வட்டமாக ஒட்டுகிற பழைய முறை உண்டு. அவளுக்கு மறுபடி வெட்டுவதில் விருப்பமில்லை. மற்றது பச்சை குத்துவது. மின்சார ஊசியில் மாநிறத்துக்குத் தக்கபடி இரண்டு மூன்று பழுப்பு மைகளைக் கலந்து, நிழல் விழுகிற மாதிரி குத்துவார்கள். காம்பே வைக்காமல் இந்த மையாலேயே புடைத்து நிற்கிற மாதிரி தோன்றவைக்கிறவர்களும் உண்டு. ஆபரேஷன் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அது நல்ல வழி. வருஷங்கள் போகப் போக நிறம் மங்கும், மறுபடி குத்திக்கொள்ள வேண்டியிருக்கும்.

மாமியாரின் இரண்டு முன்னங்கையிலும் சின்ன வயசில் குறத்தி குத்திவிட்ட பச்சைக் கோலம் இருக்கிறது. விஷயத்தைக் கேட்டதும் கையை நீட்டிக் காட்டி, "இது குத்தினப்ப நான் போட்ட கூச்சல் ஊருக்கே கேட்டுச்சு. உனக்கு வலிக்காதுங்கறே. குத்திக்க, குத்திக்க" என்றார். எதுக்கு என்று இந்தத் தடவை அவர் கேட்கவில்லை. எந்த நிறம் என்றுதான் கேட்டார். அக்கா மைக் கலர் அட்டையை லைனிங் துணி அட்டைக்குப் பக்கத்தில் மாட்டிவைத்திருக்கிறாள். கடைக்கு வருகிறவர்கள் அதில் துணி தேடுகிறார்கள். எப்போது போகிறாய் என்று கேட்டால், தீபாவளித் தையல் முடியட்டும் என்கிறாள். இந்த வருஷம் ஆர்டர் அதிகம்.